மகன் ஏன் வரவில்லை?

2025ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள். அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மதரஸாவில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மூத்த சகோதரி வாசலில் வந்து நின்றார். பாடவேளையில் அவர் ஒருநாளும் வந்ததில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு எழுந்து சென்றேன். கையில் கைப்பேசி இருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, அவன் வரமாட்டானாம்" என்றார்.

அவன் என்று அவர் சொன்னது தம் ஒரே மகனை. என்னிடம் அலிஃப், பா கற்றவன். பொன்னேரியில் பள்ளிப் படிப்பையும் சென்னையில் பொறியியல் படிப்பையும் முடித்து, 2019 ஆகஸ்டில் அமெரிக்கா சென்றான். அங்கே முதுநிலைப் பட்டம் பெற்றபின், வேறொரு பல்கலைக்கழகத்தில் கழிமுகங்களில் மணல் படியும் விதம் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துவருகிறான். பழவேற்காட்டில் பிறந்தவனுக்கு அந்த ஆராய்ச்சி எதற்கு என்று எங்கள் ஊரில் எவரும் கேட்கமாட்டார்கள். ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்து போவதும், படகுகள் வழியின்றித் தவிப்பதும் நாங்கள் பிறந்தது முதல் காணும் காட்சி.

அவனுடைய தந்தை, என் மச்சான், இறாலும் நண்டும் வாங்கிப் பெட்டிகளில் ஐஸ் இட்டுச் சென்னைக்கு அனுப்பும் சிறு வியாபாரி. பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு படகுத்துறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சென்னையில் ஒரு மருத்துவமனையில் சோதித்தபோது இதயத்தின் இரத்தக் குழாய்களில் மூன்று அடைப்புகள் என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்று. மகன் பக்கத்தில் இருந்தால் நல்லது என்பது தாயின் எண்ணம். அது அவருடைய உரிமையும்கூட.

நான் சற்றும் யோசிக்கவில்லை. அன்றிரவே அவனுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். என்ன சொன்னேன் என்பதை அப்படியே இங்கே எழுத இன்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வாப்பாவின் ஜனாஸாவுக்காவது வருவாயா என்ற பொருள்பட ஒரு வாக்கியம் அதில் இருந்தது. ஊரிலும் பேச்சு எழுந்துவிட்டது. அங்கேயே திருமணம் செய்துகொண்டான் என்றனர் சிலர். டாலரைக் கண்டபின் தாய் தகப்பன் எதற்கு என்றனர் வேறு சிலர். நோயாளியைப் பார்க்க வந்த ஒரு பெரியவர், அதே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டே இதைச் சொன்னார்.

மறுநாள் காலை பதில் வந்தது. கோபமில்லாத பதில். "மாமா, என் விசா 2024 மே மாதமே முடிந்துவிட்டது. நான் வெளியே வந்தால் புது விசா வாங்காமல் திரும்ப முடியாது. இப்போது அந்த விசாவுக்கு நேர்காணல் தேதியே கொடுக்கவில்லை. வந்தால் ஆராய்ச்சி எந்த இடத்தில் நிற்கும் என்று எனக்கே தெரியாது. வாப்பாவிடம் கேளுங்கள். அவர் வா என்றால் அடுத்த விமானத்தில் வந்துவிடுகிறேன்."

இதைக் கேட்டு எனக்கு மேலும் சினம் மூண்டது. விசா ஓராண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது என்றால், அத்தனை நாளும் அவன் அங்கே கள்ளத்தனமாகவா தங்கியிருக்கிறான்? வரலாற்றுப் பாடத்தில் பட்டம் பெற்ற எனக்கே இந்த ஐயம் எழுந்ததென்றால், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பாயில் அமர்ந்து துஆ செய்யும் தாய்மார்களுக்கு எழாதா? ஆதலால் அவன் எனக்கு விளக்கியதை, நான் புரிந்துகொண்ட வரையில் இங்கே எழுதுகிறேன்.

விசா என்பது அமெரிக்காவின் வாசலில் காட்டும் சீட்டு மாத்திரமே. அது பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டப்படுகிறது. இந்திய மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தாண்டு தவணையில், பலமுறை நுழையும் வகையில் கொடுக்கிறார்கள். உள்ளே நுழைந்தபின் தங்கியிருக்கும் உரிமை வேறு. விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி செய்யும் பதிவில், மாணவன் என்ற தகுதி நீடிக்கும் காலம்வரை தங்கலாம் என்ற பொருளில் இரண்டு எழுத்துகள் இருக்கும். அவனுடைய பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற தாள் செல்லுபடியாகி, அவனும் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தால், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியானாலும் அவன் தங்குவதில் குற்றமில்லை. வெளியே காலெடுத்து வைத்தால்தான் சிக்கல். (தங்கும் காலத்துக்கு இப்படித் தேதி குறிக்காமல் விடும் முறையை மாற்றி, நான்காண்டு என்று வரம்பு கட்ட அந்நாட்டு அரசு 2025 ஆகஸ்டில் ஒரு விதியை முன்மொழிந்தது. பிள்ளைகள் அங்கே இருப்போர் இதைக் கவனித்து வருவது நல்லது.)

நான் மருத்துவமனைக்குச் சென்று மச்சானிடம் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னேன். தாளைப் பார்த்து, தடுமாறித் தடுமாறித்தான் சொன்னேன். அவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "முகத்துவாரம் அடைச்சிருக்கு, அவ்வளவுதானே?" என்றார்.

நான் விழித்தேன்.

"ஏரிக்குள்ளே இருக்கிற படகு வலை போடும், மீன் பிடிக்கும், அதுக்கு ஒண்ணுமில்லை. கடலுக்குப் போன படகுதான் உள்ளே வர முடியாம வெளியே நிக்கும். அவன் உள்ளே இருக்கான். இப்போ வெளியே வரவேணாம்னு சொல்லு. முகம் திறக்கட்டும்."

ஒரு வாரமாக என் மூளைக்கு எட்டாதது அவருக்கு எட்டிவிட்டது. என் சகோதரி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடல் கடக்கக் காகிதம் வேண்டும் என்பது எங்கள் ஊருக்குப் புதிய செய்தியன்று. பதினாறாம் நூற்றாண்டில் பழவேற்காடு விஜயநகர அரசின் பெரிய துறைமுகங்களுள் ஒன்று. இங்கிருந்து துணிகள் மலாக்கா வரை சென்றன. அவ்வாணிபத்தில் முஸ்லிம் வணிகர்களுக்குப் பெரும்பங்கு இருந்தது. கடலைத் தம் உடைமை போல் கருதிய போர்த்துக்கீசியர், தம்மிடம் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பல்களைப் பிடித்துச் சரக்கைப் பறித்தனர். கப்பலின் தலைவர் யார், எங்கே செல்கிறது, என்ன ஏற்றியிருக்கிறது என்றெல்லாம் அச்சீட்டில் எழுதியிருக்கும். அதன் பெயர் 'கர்த்தாஸ்'. அரபியில் காகிதத்தைக் குறிக்கும் 'கிர்தாஸ்' என்ற சொல்லின் வழியே வந்தது அது என்பர் சொல்லாராய்ச்சியாளர். நம் பாட்டிமார் கடிதத்துக்கு வழங்கிய 'கடுதாசி'யும் அந்தப் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபே என்பதும் அவர்கள் கூற்று. பின்னர் டச்சுக்காரர்கள் வந்து 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களும் சீட்டு முறையை விடவில்லை. இன்று அக்கோட்டை மண்மேடாகிவிட்டது. கடுதாசி மட்டும் தொடர்கிறது.

நிற்க. அந்தக் கோடையில் முகத்துவாரம் ஏன் அடைபட்டது என்று சொல்லவேண்டும். 2025 மே 27ஆம் தேதி, மாணவர் விசாக்களுக்குப் புதிய நேர்காணல் தேதிகள் கொடுப்பதை நிறுத்திவைக்குமாறு அமெரிக்க வெளியுறவுத்துறை தன் தூதரகங்கள் அனைத்துக்கும் ஆணையிட்டது. விண்ணப்பிக்கும் மாணவர்களின் சமூக ஊடகக் கணக்குகளை ஆராய்வதற்கான முறையை வகுக்க வேண்டும் என்பது காரணம். ஜூன் 18இல் தடை நீங்கியது. ஆயின் மூன்று வாரம் தேங்கிய கூட்டம் முழுதும் ஒரே வாசலில் முண்டியது. என் மச்சானின் அறுவைச் சிகிச்சை ஜூன் மூன்றாம் வாரம். அதற்குள் அவன் வந்து, விசா பெற்றுத் திரும்புவது நடவாத காரியம்.

நேர்காணல் இல்லாமல் பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்து விசாவைப் புதுப்பிக்கும் சலுகை ஒன்றும் அப்போது இருந்தது. பழைய விசா முடிந்து நாற்பத்தெட்டு மாதம்வரை என்றிருந்த அதன் கெடுவை, 2025 பிப்ரவரியில் பன்னிரண்டு மாதமாகக் குறைத்துவிட்டார்கள். அவனுக்கு அந்தப் பன்னிரண்டாம் மாதம் மே மாதத்தோடு முடிந்திருந்தது. சில வாரங்களில் தவறிப்போன சலுகை! அவன் 2024 குளிர்கால விடுமுறையிலேயே ஊர் வந்து இதை முடித்திருக்கலாம். அந்த விடுமுறையில் வரவேண்டாம், செலவு அதிகம், ஒரேயடியாகப் படிப்பை முடித்துவிட்டு வா என்று சொன்னவர்கள் நாங்கள்தாம். விமானக் கட்டணத்தைப் பார்த்தோமே ஒழிய, பாஸ்போர்ட்டில் இருந்த தேதியை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

அவனுடைய நண்பர் ஒருவர் வேறு வழி சொன்னாராம். மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ சென்று அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசாவைப் புதுப்பித்துக்கொண்டு, பிறகு ஊருக்கு வரலாம் என்று. பல ஆண்டுகளாக இந்திய மாணவர்கள் சிலர் அவ்வாறு செய்துவந்தது உண்மை. ஆனால் அங்கே விசா மறுக்கப்பட்டால் அந்நிய நாட்டில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். 2025 செப்டம்பர் 6 முதல், குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டதால் அந்த வழி ஏறத்தாழ அடைபட்டுப் போயிற்று.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு செய்தி உண்டு. காலாவதியான விசாவோடு கனடா, மெக்சிகோ நாடுகளுக்குச் சென்று முப்பது நாளுக்குள் திரும்பினால், அந்த விசா தானாகவே நீட்டிக்கப்பட்டதாகக் கொள்ளும் விதி ஒன்று அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பயணத்தில் புது விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் அச்சலுகை போய்விடும். சில நாட்டுக் குடிமக்களுக்கு அது கிடையவே கிடையாது. இந்தியா வந்து திரும்புவதற்கு அது உதவாது. அதைப் படித்துவிட்டு, "முப்பது நாள் வரை பரவாயில்லையாமே" என்று பிள்ளையை அழைத்துவிடாதீர்கள்.

பிரிட்டனில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதுபோன்ற கண்ணி ஒன்றிருக்கிறது. அங்கே விசாவை நீட்டிக்க உள்நாட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்துவிட்டு முடிவு வருமுன் ஊருக்கு வந்தால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே கொள்வார்கள். தங்கையின் நிக்காஹ்வுக்கு வா என்று அழைக்குமுன் இதைக் கேட்டறிவது பெற்றோரின் கடமை.

இனி, எழுதத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

அறுவைச் சிகிச்சை அல்ஹம்துலில்லாஹ் நல்லபடியாக முடிந்தது. மருத்துவமனை வராந்தாவில் என் சகோதரி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருக்க, மகன் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது இரவு, உறங்கவில்லை. வாப்பாவை வெளியே கொண்டுவந்தபோது சத்தமில்லாமல் அழுதான். தாயின் மனம் அதோடு ஆறவில்லை. ஜூலையில் அவனுக்கு நேர்காணல் தேதி கிடைத்தது. ஆனால் அது அக்டோபர் இறுதியில்! அத்தனை நாள் பொறுக்க முடியாது என்றார் சகோதரி.

பயண ஏற்பாடுகள் செய்யும் ஒருவர் அவரிடம் ஒரு யோசனை கூறியிருக்கிறார். உயிராபத்தான நோய், மரணம் போன்ற அவசரங்களுக்கு நேர்காணலை முன்கூட்டித் தரும் வழி உண்டு. தந்தை உயிருக்குப் போராடுகிறார் என்று மதரஸாவின் முத்திரைத் தாளில் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், மருத்துவச் சான்றிதழை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. கூடவே, எவரிடமாவது இருபது இலட்சம் பெற்று ஒரு மாதம் வங்கியில் போட்டு வைத்தால் விசா உறுதி என்றும் சொல்லியிருக்கிறார். அதற்குத் தனிக் கட்டணம்.

சகோதரி தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவர் என்னைத் தூக்கி வளர்த்தவர். எங்கள் உம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. நான் கல்லூரியில் படித்ததும் அவர் ஓலைக் கூடை முடைந்து சேர்த்த பணத்தில்தான். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் பனையோலைக் கைவேலையைக் கடைகளில் கண்டிருப்பீர்கள். அந்தக் கூடைகளில் ஒன்றிரண்டு என் கல்லூரிக் கட்டணம்.

அவர் கேட்டால் நான் எதையும் மறுத்ததில்லை. பேனாவை எடுத்தேன். தேதியையும் எழுதினேன். மச்சான் அப்போது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இறால் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் உயிருக்குப் போராடுகிறார் என்று எழுத வேண்டும். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும் என்ற கட்டளை அதில் இருக்கிறது. சென்ற வாரம்தான் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை விளக்கியிருந்தேன். அந்தப் பலகை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

எழுதவில்லை. எழுத முடியாது அக்கா என்றேன்.

"ஊரார் பிள்ளைக்கு எல்லாம் எழுதிக் கொடுப்பாய். உன் பிள்ளைக்கு எழுதமாட்டாய்" என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாத காலம் என்னோடு பேசவில்லை. அவர் வீட்டிலிருந்து வரும் வெள்ளிக்கிழமைக் குழம்பு வருவது நின்றது. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆயினும் அந்த ஒரு மாதம் நான் நிம்மதியாக உறங்கினேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

மருமகனிடம் சொன்னபோது அவன் பதறிப்போனான். "நல்ல வேளை மாமா! விசாவுக்காகப் பொய் சொன்னதாகக் கண்டுபிடித்தால் வாழ்நாள் முழுதும் நுழையத் தடை. அது அவர்கள் குடிவரவுச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு இருபது இலட்சமும் வேண்டாம். என் படிப்புச் செலவையும் உதவித்தொகையையும் பல்கலைக்கழகமே தருகிறது. அதற்கான கடிதம் என்னிடம் இருக்கிறது" என்றான். இல்லாத பணத்தைக் காட்டச் சொன்னவர், இருக்கிற கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனே என் சகோதரியிடமும் பேசினான். அடுத்த வெள்ளிக்கிழமை குழம்பு வந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசிக்கொள்ளவில்லை.

அக்டோபருக்குள் தாள்களைச் சரிசெய்யும் வேலை தொடங்கியது. முதலில் பெயர். நம் சமுதாயத்தில் குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலும் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தோடு நம் பெயர் முடிந்துவிடும். அவனுடைய முதல் பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் இடுபெயர்க் கட்டத்தில் இருந்தது. குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமை. அமெரிக்க விசாவில் அப்படி விடமாட்டார்கள். இருக்கும் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, இடுபெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று போட்டுவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அங்கே முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் அன்போடு, "ஃப்னு, வருக!" என்றாராம். ஓராண்டு முழுதும் அவன் ஃப்னுவாகவே இருந்திருக்கிறான். அகீகா கொடுத்து வைத்த பெயர் இங்கே பள்ளிவாசல் பதிவேட்டில் இருக்கிறது.

2025 தொடக்கத்தில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாகப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது பெயரை இரண்டாகப் பிரித்துக்கொண்டான். அதன்பின் ஐ-20 தாளிலும் பல்கலைக்கழகப் பதிவுகளிலும் அதற்கேற்ப மாற்ற வேண்டியதாயிற்று. விசா விண்ணப்பத்தில் பழைய பெயரையும் குறிப்பிட வேண்டியிருந்தது. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய தொல்லை என்று எண்ண வேண்டாம். 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகமும், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை. துபாயில் மகளின் பிரசவத்துக்குச் செல்லப் புறப்படும் தாய்மார்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நலம். இன்னொன்று: முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதுகையில் ஒரு 'எம்' போடுவார் ஒருவர், நடுவில் இரண்டு போடுவார் இன்னொருவர், 'ஓ' என்பார், 'யு' என்பார், கடைசியில் 'ஏ' என்பார், 'இ' என்பார். பிறப்புச் சான்றில் ஒன்று, பள்ளிச் சான்றில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. பள்ளியில் சேர்க்கும் நாளில் ஐந்து நிமிடம் செலவழித்தால் தீர்ந்துவிடும் காரியம், இருபது ஆண்டு கழித்து ஐந்து மாத அலைச்சலாகிறது.

அடுத்து, ஐ-20 தாளில் பயணக் கையொப்பம். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கென உள்ள அலுவலர், இவன் ஒழுங்காகப் படிக்கிறான், போய்த் திரும்பலாம் என்று சான்று காட்டும் கையொப்பம் அது. படிக்கும் மாணவருக்கு ஓராண்டு செல்லும். படிப்பு முடிந்து பயிற்சிப் பணியில் இருப்பவருக்கு ஆறு மாதந்தான். விசா கிடைத்தும், இந்தக் கையொப்பம் பழையதாக இருந்தால் விமான நிலையத்தில் இடர்ப்பாடு. புறப்படுமுன் வாங்கிவிட வேண்டும்.

பிறகு டி.எஸ்.-160 என்னும் விண்ணப்பம். அதற்கு 185 டாலர் கட்டணம். செவிஸ் எனப்படும் மாணவர் பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. 2019 மே மாதம் அவன் செலுத்தியபோது 200 டாலர்; அடுத்த மாதமே அது 350 ஆயிற்று. அதே பதிவெண் தொடர்வதால் மீண்டும் செலுத்த வேண்டியிருக்கவில்லை. பல்கலைக்கழகம் மாறியபோதும் பதிவை ஒழுங்காக மாற்றிக்கொண்டு சென்றதன் பலன். புகைப்படத்தில் மூக்குக் கண்ணாடி கூடாது. 2016 நவம்பர் முதல் அப்படி. மார்க்கத்தின் பொருட்டு அணியும் தலைமறைப்புக்குத் தடையில்லை. முகம் முழுதும் தெரிந்தால் போதும். நம் பெண் பிள்ளைகளைத் தலைத்துணி இல்லாமல் படம் எடுக்கச் சொல்லும் ஸ்டுடியோக்காரர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

வீட்டில் பெரிய விவாதம் எழுந்தது சமூக ஊடகக் கணக்குகளால். ஐந்தாண்டு காலத்தில் பயன்படுத்திய கணக்குகளின் பெயர்களை விண்ணப்பத்தில் எழுத வேண்டும் என்பது 2019 முதலே உள்ள விதி. 2025 ஜூனுக்குப் பின், மாணவர்கள் அக்கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் வேண்டும். அவனுடைய பக்கத்தில் தங்கையின் நிக்காஹ் படங்கள் இருந்தன. குடும்பத்தார் மட்டும் பார்ப்பதற்காகப் போட்டவை. நம் வீட்டுப் பெண்களை ஊர் உலகம் பார்ப்பதா என்று சகோதரி கொதித்தார். அவர் கொதித்தது நியாயம். கணக்கையே மறைத்துவிடலாமா என்று கேட்டார் மச்சான். மறைப்பதும் பொய்தானே? கடைசியில் எல்லாக் கணக்குகளையும் எழுதுவது, வீட்டுப் பெண்களின் படங்களை மட்டும் நீக்கிவிட்டுத் திறந்து வைப்பது என்று முடிவாயிற்று. ஒரு மனிதனின் பழைய பேச்சையெல்லாம் தோண்டிப் பார்த்து வாசலைத் திறக்கும் இந்த முறை எனக்கு உவப்பானதன்று. ஆயினும் வீடு அவர்களுடையது.

பெயரைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் அச்சுறுத்தியவர்கள் உண்டு. அச்சம் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன். 2017 ஜனவரியில் ஏழு நாட்டவருக்குத் திடீரெனத் தடை விதித்தபோது, விடுமுறைக்கு வெளியே சென்றிருந்த மாணவர்கள் விமான நிலையங்களில் தவித்ததை உலகம் கண்டது. ஈரான் மாணவர் பலருக்கு ஒருமுறை மட்டுமே நுழையும் விசா கொடுத்ததால், படிப்பு முடியும்வரை பெற்றோரைக் காணாமலே இருந்தவர்கள் ஏராளம். அவர்களோடு ஒப்பிட்டால் ஐந்தாண்டு விசா பெறும் நம் பிள்ளைகளின் நிலை மேலானது.

அக்டோபர் நடுவில் வந்து சேர்ந்தான். ஆறு ஆண்டுக்குப் பின். வாப்பாவின் நெஞ்சில் இருந்த தழும்பை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து ஸலாம் கூறிக் கையைப் பிடித்துக்கொண்டான். ஜூன் மாதக் குரல் பதிவுக்காக மன்னிப்புக் கேட்டேன். "எது மாமா?" என்றான். அழித்துவிட்டானாம்.

நேர்காணலுக்கு முந்தின நாள் விரல்ரேகையும் படமும் எடுத்தார்கள். மறுநாள் விடியுமுன் பொன்னேரியிலிருந்து இரயிலேறி, அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குச் சென்றோம். கைப்பேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, தாள்கள் அடங்கிய உறையோடு வரிசையில் நின்றான். எதிர்ப்புற நடைபாதையில் என்னைப் போல் பலர். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு தாயார் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் இறுக்கியிருந்தார். நான் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தேன். விண்ணப்பிப்பவர் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட எண்ணுபவர் என்று கொண்டுதான் அதிகாரி தொடங்க வேண்டும், அப்படியல்ல என்று காட்டுவது விண்ணப்பிப்பவர் பொறுப்பு என்பது அவர்கள் சட்டம். புதுப்பிக்க வருபவருக்கும் அதுவே. ஆகவே ஒருமுறை கிடைத்தது மறுமுறையும் கிடைக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது.

ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்தான். என்ன ஆராய்ச்சி, எப்போது முடியும் என்று இரண்டே கேள்விகள். கழிமுகத்தில் மணல் சேர்வது பற்றி என்றதும், ஏன் அதைத் தேர்ந்தாய் என்று மூன்றாவதாக ஒன்று. எங்கள் ஊர் ஏரியின் வாய் அடைபடுகிறது என்றானாம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். அத்தனை பாடுபட்டுச் சேர்த்த உறையைத் திறக்கச் சொல்லவே இல்லை. மேற்கொண்டு பரிசீலனை முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் என் சகோதரிக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். தாமதமாகட்டும் என்று அவர் துஆ செய்தாரோ என்றுகூட எனக்கு ஐயம் உண்டு.

நவம்பரில் திரும்பிச் சென்றான். அந்த உறையிலிருந்த தாள்களின் நகல்களை என் மதரஸா அலமாரியில் வைத்திருக்கிறேன். அது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. இதுவரை நான்கு வீட்டார் வந்து பார்த்துச் சென்றார்கள். சென்ற வாரம் ஜமீலாபாத்திலிருந்து மீன்பிடித் தொழில் செய்யும் ஒருவர் வந்தார். மகளுக்கு மலேசியாவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினார். குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது. பிள்ளையையும் பள்ளிச் சான்றிதழ்களையும் அழைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பின் வரச் சொல்லியிருக்கிறேன்.